மூழ்கிய முட்டையெல்லாம் நல்ல முட்டையா? பெருந்துறைப் புரோட்டாக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெருந்துறை சிப்காட் தொழிலாளர்களை நம்பி நடக்கும் இரவு நேரப் புரோட்டாக் கடை அது. கடைக்காரர் எனக்கு மாமா முறை. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்த அன்று சாயங்காலம், கடையில் கிடந்த முட்டைகளில் எதைக் கல்லில் ஊற்றலாம், எதைக் கொட்ட வேண்டும் என்று முடிவு செய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார். நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலையில் சில வருடம் இருந்தவன் நான். அந்தச் சாயங்காலம் பார்த்ததையும், எந்த முட்டையை எதற்காக ஒதுக்கினோம் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

சிக்கல் தொடங்கியது விலையில். புரட்டாசி வந்தால் கொங்கு நாட்டில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. பெருமாளுக்கு விரதம், சனிக்கிழமை தோறும் தளிகை. முட்டையும் அதோடு நின்றுவிடும். கோழிக்கு மாதக் கணக்கு தெரியாதே, அது இட்டுக்கொண்டே இருக்கும். 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை அந்த மாதத்தில் இறங்குவது வழக்கம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாமா புரட்டாசி இரண்டாம் வாரத்தில் ஆறு அட்டை வாங்கிப் போட்டார். அட்டைக்கு 30 வீதம் 180 முட்டை. வட மாநிலப் பையன்கள் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து அவர்களில் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஆறில் நான்கு அட்டைகள் சமையலறை அட்டாலியில், அதாவது பரணில், ஏறின. அதை ஒட்டிய சுவரின் மறுபக்கம்தான் புரோட்டாக் கல். மேலே தகரக் கூரை. கல் எரியும்போது அங்கே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 37 டிகிரி காட்டியது. மீதி இரண்டு அட்டைகளும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு ஸ்டூலின் மேல், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. நிழலான இடம், குளுமையும் கூட. ஆனால் பாத்திரம் கழுவும் தண்ணீர் தெறித்து அடி அட்டையின் ஒரு மூலை ஊறிப் போயிருந்தது.

இவை போக இன்னும் இரண்டு வகை. முந்தின நாள் வேனில் வந்திறங்கிய புது அட்டைகள். அதில் சிலவற்றைக் கடைப் பையன் அட்டாலியில் இருந்த பழைய முட்டைகளோடு கலந்து அடுக்கிவிட்டான். கடைசியாக ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை. சென்னிமலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் மாமாவின் ஆத்தா, உமிக்குள் வைத்துப் பக்குவமாகக் கொடுத்தனுப்பியது. கூடவே ஆத்தாவும் வந்திருந்தார்.

கலக்கி போடும் கடையாக இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு யோசனை தேவைப்பட்டிருக்காது. கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் புரோட்டாக் கடைக்குப் போனவர்களுக்குக் கலக்கி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: முட்டையைச் சால்னாவோடும் மிளகுத் தூளோடும் அடித்துக் கல்லில் ஊற்றி, அரை வேக்காட்டிலேயே சுருட்டி எடுத்துத் தட்டில் போடுவது. உள்ளே கொழகொழவென்று இருந்தால்தான் அது கலக்கி. முழுதாக வெந்தால் ஆம்லெட். அதனால் அந்தச் சாயங்காலக் கேள்வி, முட்டை கெட்டுவிட்டதா இல்லையா என்பதோடு முடியவில்லை. பாதி வேகவைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் அளவுக்கு நன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

தண்ணீர்ச் சோதனை

நான் போவதற்குள் மாமா ஒரு குண்டா நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். "ஏம் மாப்ள, தண்ணியில போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிருமல்லோ?" எல்லாவற்றையும் போட வேண்டாம், வகைக்குக் கொஞ்சம் எடுப்போம் என்றேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

புது முட்டைகள் அடியில் படுத்தன. அட்டாலி முட்டைகளில் பல, குண்டுப் பக்கம் மேலே பார்க்கச் செங்குத்தாக நின்றன. சில மிதந்தே விட்டன. தொட்டியடி முட்டைகள் கொஞ்சம் சாய்ந்து நின்றன, ஒன்றுகூட மிதக்கவில்லை. ஆத்தாவின் முட்டைகள் புது முட்டைகளுக்கு இணையாக அடியில் கிடந்தன. "பாத்தியா கண்ணு," என்றார் ஆத்தா.

மாமா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மிதப்பதைக் கொட்டு, மூழ்கியதை வைத்துக்கொள், ஆத்தா முட்டையில் கலக்கி போடு. பெரும்பாலான வீடுகளிலும் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். இந்தக் கடையில் அந்தத் தீர்ப்பு ஏன் தவறாகப் போயிருக்கும் என்பதற்கு, தண்ணீர் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முட்டை ஓடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், ஆயிரக்கணக்கில். அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெளியேறும் நீருக்குப் பதிலாகக் குண்டுப் பக்கத்தில் காற்று சேர்ந்து, காற்றறை பெரிதாகும். ஓடு சுருங்காது, அதனால் முட்டையின் கன அளவும் மாறாது. எடை மட்டும் குறையும். அன்று இட்ட முட்டையின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல். 55 கிராம் முட்டை ஒன்று தன் இடத்தில் 51 கிராம் அளவுக்குத் தண்ணீரை விலக்கும். ஆக அந்த முட்டை 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல் நீரை இழந்தால் மிதக்கும், இழக்கவில்லை என்றால் மூழ்கும். தண்ணீர்ச் சோதனை காட்டுவது இந்த 4 கிராமை மட்டும்தான்.

அந்த 4 கிராம் எத்தனை நாளில் போகும் என்பதை வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் தீர்மானிக்கின்றன. அட்டாலியின் வறண்ட சூட்டில் மூன்று வாரத்தில் போய்விடும். தொட்டியடியின் ஈரக் காற்றில் அதே மூன்று வாரத்தில் அதில் பாதிகூடப் போகாது. இரண்டும் ஒரே நாளில், ஒரே வேனில் வந்த முட்டைகள்தான். ஈரத்தில் இருந்தது தண்ணீரில் இளமையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த ஈரமே ஓட்டுக்குள் கிருமி நுழைய வழி செய்யும் என்பதைப் பற்றித் தண்ணீர் எதுவும் சொல்லாது.

மாமாவுக்கு வேறொரு சந்தேகம். போர்த் தண்ணீர் உப்பாயிற்றே, அதனால் மிதக்குமோ? நியாயமான கேள்விதான். ஆனால் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருக்கும் தண்ணீரில்கூட ஒரு முட்டைக்கு ஏற்படும் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு கிராமுக்கும் கீழே. குடிக்க முடியாத போர்த் தண்ணீரும் இந்தச் சோதனைக்குப் போதும்.

எல்லா முட்டைகளையும் குண்டாவில் போட வேண்டாம் என்றதற்குக் காரணம் இது. நம் ஊரில் பண்ணை முட்டை பெரும்பாலும் கழுவாமல்தான் கடைக்கு வருகிறது. ஓட்டின் மேல் கோழியின் உடம்பிலிருந்தே வந்த மெல்லிய படலம் ஒன்று காய்ந்து, துளைகளை அடைத்திருக்கும். நனைத்துத் துடைத்தால் அது போய்விடும். அதோடு சூடான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ஓட்டின் மேல் இருக்கும் அழுக்குத் தண்ணீர் துளை வழியே உள்ளே இழுக்கப்படும். தண்ணீரில் போட்டுப் பார்த்த முட்டையை அன்றே சமைத்துவிட வேண்டும், மறுபடி அட்டையில் அடுக்கக் கூடாது.

வெளிச்சத்தில்

கிடங்கில் இதற்கென்றே விளக்குப் பெட்டி உண்டு. கடையில் செல்போன் டார்ச் போதுமானதாக இருந்தது. சரக்கு அறையின் கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சின் மேல் முட்டையின் குண்டுப் பக்கத்தை வைத்தால் காற்றறை தனியாகத் தெரியும். ஐரோப்பாவில் ஏ வகுப்பு முட்டைக்குக் காற்றறையின் உயரம் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அட்டாலி முட்டைகளில் அது 10-ஐத் தாண்டியிருந்தது. முட்டையைச் சுழற்றினால் மஞ்சள் கருவின் நிழல் ஓட்டை ஒட்டி வேகமாக ஓடியது. வெள்ளைக் கரு நீர்த்துப் போய், மஞ்சளைப் பிடித்து வைக்கத் தெம்பில்லை என்று அர்த்தம்.

பையன் கலந்து அடுக்கியிருந்த புது முட்டைகளைப் பிரித்ததும் இந்த வெளிச்சத்தில்தான். தராசில் போட்டால் ஆகாதா என்று மாமா கேட்டார். ஆகாது. முட்டைக்கு முட்டை அளவு வேறு, பெரிய பழைய முட்டை சின்னப் புது முட்டையைவிடக் கனக்கும். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பதையும் நான் நம்புவதில்லை. குலுக்குவதில் மஞ்சளைக் கட்டி வைத்திருக்கும் வெள்ளை இழைதான் அறுந்து போகும்.

அடுத்து ஆத்தாவின் கூடை. பாதிக்கு மேல் சுத்தமாக இருந்தன. மற்றவற்றில் மஞ்சள் கருவைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. தண்ணீரில் முதல் மார்க் வாங்கிய முட்டைகள் இவை.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பண்ணைக் கூண்டில் சேவல் இல்லை, அந்த முட்டையில் குஞ்சு பிறக்க வழியே கிடையாது. தோட்டத்தில் சேவல் உண்டு, அங்கே இடும் முட்டை பெரும்பாலும் கருக்கட்டியிருக்கும். 20 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கும், 37 டிகிரியை ஒட்டிய சூட்டில் இரண்டு மூன்று நாளில் இரத்த நாளம் தெரியும். தினமும் முட்டை எடுக்காமல் விட்டால், அடுத்த முட்டை இட வரும் கோழி முந்தின முட்டைகளின் மேல் உட்கார்ந்து எழுந்து போகும். சூடு கிடைத்து வளரத் தொடங்கிய கரு, சூடு போனதும் செத்துவிடும். மிச்சம் நிற்பது அந்த வளையம். ஆத்தாவைக் கேட்டேன். கால் வலியால் அந்த வாரம் தினமும் எடுக்க முடியவில்லை என்றார். பிறகு அவரே ஒரு முட்டையை வாங்கி, கையைக் குழலாக மடித்து அதன் வாயில் வைத்து டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஆமாங் கண்ணு, அடைக்கு ஆகாது, ஆக்கறதுக்கும் ஆகாது" என்று தானே ஒதுக்கிவிட்டார். அடை வைக்கும் முன் வெயிலில் இப்படிப் பார்த்தே பழகியவர். சமையலுக்குக் கொடுக்கும் முட்டையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

உடைத்த புது முட்டையில் குத்தாகத் தெரியும் சிறு இரத்தப் புள்ளியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முட்டை உருவாகும்போது கோழியின் உடம்பில் சின்ன நாளம் ஒன்று வெடித்து விழுந்த துளி. கத்தி முனையில் எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

உடைத்துப் பார்த்ததில்

வகைக்கு ஒன்றாகத் தட்டில் உடைத்தோம். புது முட்டையின் மஞ்சள் கரு உருண்டையாக நின்றது, சுற்றி வெள்ளை கெட்டியாகவும் சற்றுக் கலங்கலாகவும் இருந்தது. அந்தக் கலங்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை என்பதற்கு அடையாளம் அது. அட்டாலி முட்டை தட்டு முழுக்கத் தண்ணீராக ஓடியது, மஞ்சள் தட்டையாகப் பரவியது, ஒன்றில் உடைந்தே விழுந்தது.

இதை எண்ணில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. 1937-ல் அமெரிக்காவில் ரேமண்ட் ஹா என்பவர் கொண்டுவந்த ஹா அலகு. மஞ்சளை ஒட்டிய கெட்டி வெள்ளையின் உயரத்தையும் முட்டையின் எடையையும் வைத்துப் போடும் கணக்கு. அமெரிக்கத் தரத்தில் 72-க்கு மேல் முதல் தரம், 60-க்குக் கீழ் கடைசி. விளக்குமாற்று ஈர்க்குச்சியை வெள்ளையில் நட்டு, நனைந்த உயரத்தை ஸ்கேலில் வைத்து அளந்தேன். புதியதில் 7 மில்லிமீட்டர், கணக்குக்கு 85. தொட்டியடியில் 4, அதாவது 60-ஐ ஒட்டி. அட்டாலி முட்டையில் 2 மட்டும், 32 வருகிறது. ஈர்க்குச்சி அளவுதான், ஒன்றிரண்டு அலகு முன்னே பின்னே இருக்கும். ஆனால் 85-க்கும் 32-க்கும் நடுவில் குழப்பத்துக்கு இடமில்லை.

தொட்டியடி அடுக்கில் நனைந்த மூலைப் பக்கத்து முட்டை ஒன்று, ஓட்டில் சாம்பல் நிறப் பொட்டுகளோடு இருந்தது. தண்ணீரில் மூழ்கிய முட்டைதான். உடைத்தால் நாற்றம் பெரிதாக இல்லை, வெள்ளை மட்டும் லேசாகப் பச்சை தட்டியது போல் இருந்தது. மாமா அது விளக்கு வெளிச்சம் என்றார். கல்லாப்பெட்டியில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருந்தது. கோப்பையை அதன் கீழே வைத்தேன். உள்ளே இருந்தது பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தது. சூடோமோனாஸ் என்ற கிருமி ஈரமான முட்டையில் புகுந்தால் உண்டாக்கும் நிறமி அது, ஊதா ஒளியில் அப்படித்தான் மின்னும். பக்கத்தில் வைத்த புது முட்டையில் அந்தப் பச்சை இல்லை. அதற்குப் பிறகு மாமா வாதாடவில்லை.

முடிவு

தொட்டியடி அடி அட்டையை முழுதாக ஒதுக்கினோம். மேல் அட்டை காய்ந்து இருந்தது. அதில் விரிசலும் கறையும் இல்லாதவற்றை வெளிச்சத்தில் பார்த்து எடுத்து, அன்றைக்கே முழுதாக வேகவைத்து முட்டைக் கிரேவிக்கு வைத்துக்கொண்டார்கள். கலக்கிக்கும் ஆஃப் பாயிலுக்கும் கிடையாது. ஆத்தாவின் நல்ல முட்டைகள் வீட்டுக்குப் போயின. புது முட்டைகள் மட்டும் கல்லுக்கு.

சண்டை வந்தது அட்டாலி முட்டைகளில்தான். "வாசமே இல்லையே மாப்ள, மூழ்கினதையாவது வேகவச்சுப் போட்டுக்கறனே." அவர் சொன்னதில் பாதி சரி. அந்த முட்டைகள் அழுகவில்லை. அழுகல் நாற்றம், கிருமிகள் உள்ளே புரதத்தை உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும்போது வருவது. அது வந்தால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் சாப்பிட்டவரை நோயில் தள்ளும் சால்மொனெல்லா என்ற கிருமி பெருகிய முட்டையில் நாற்றம் இருக்காது, நிறம் மாறாது, தண்ணீரிலும் ஒழுங்காக மூழ்கும். வெள்ளைக் கருவில் கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் உண்டு, கிருமியின் சுவரை அரிக்கும் லைசோசைமும் உண்டு. அதனால் 20 டிகிரியில் மூன்று வாரம் வரை கிருமி அவ்வளவாகப் பெருகுவதில்லை. அட்டாலிச் சூட்டில் சில நாளிலேயே மஞ்சள் கருவின் சவ்வு தளர்ந்துவிடும். மஞ்சளில் இருக்கும் இரும்பும் சத்தும் கசிந்ததும் அந்தக் காவல் போச்சு. அதனால்தான் நான் நாள் கணக்கை மட்டும் கேட்பதில்லை, எங்கே இருந்தது என்று முதலில் கேட்பேன். ஐரோப்பாவில் முட்டை இட்டதிலிருந்து 28 நாள் வரை என்று தேதி போடுகிறார்கள். அந்த 28-ஐ நம் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து நீட்டக் கூடாது.

முழுதாக வெந்தால் கிருமி சாகும், உண்மை. என் வீட்டில் என்றால் அட்டாலி முட்டையில் மூழ்கியதை ஒவ்வொன்றாகக் கோப்பையில் உடைத்துப் பார்த்துப் பொரித்துச் சாப்பிட்டிருப்பேன். கடையில் கூட்டம் ஏறும் ஒன்பது மணிக்குப் பையன் எந்த அட்டையிலிருந்து எடுக்கிறான் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரே ஒரு முட்டை தவறிக் கலக்கிக்குப் போனால் போதும். முட்டை 5 ரூபாய் என்று வைத்தாலும் நான்கு அட்டைக்கு 600 ரூபாய். அதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் கல்லாவைப் பார்த்தார், அப்புறம் சரி என்றார். ஆத்தா அவற்றை நாய் தோண்டாத ஆழத்தில் தென்னை மரத்தடியில் புதைக்கச் சொல்லி வாங்கிப் போனார்.

மறுநாள் ஒரு போன் வந்தது. கிரேவி முட்டையில் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் இருக்கிறது, கெட்ட முட்டை போட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அது கெட்டதன் அடையாளம் இல்லை. அதிக நேரம் கொதித்தால் வெள்ளையில் இருக்கும் கந்தகமும் மஞ்சளில் இருக்கும் இரும்பும் சேர்ந்து அந்த நிறம் வரும். கொஞ்சம் நாள்பட்ட முட்டையில் கூடுதலாகவே வரும், ஏனென்றால் வெள்ளைக் கருவின் காரத்தன்மை ஏறியிருக்கும். அதே காரணத்தால்தான் அவை சுலபமாக உரியவும் செய்தன, புது முட்டையாக இருந்தால் பையன் ஓட்டோடு பாதி வெள்ளையையும் பிய்த்திருப்பான். கொதி வந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடச் சொன்னேன்.

இப்போது கடையில் முட்டை அட்டாலிக்கு ஏறுவதில்லை. அட்டையின் ஓரத்தில் வாங்கிய தேதியைப் பேனாவில் எழுதுகிறார்கள். இரண்டு நாளைக்கு ஆவதை மட்டும் வாங்குகிறார்கள், நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது சேர்த்து வைக்க என்ன அவசியம். ஃப்ரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்தால் வேர்க்கும், வேர்த்ததைத் திரும்ப அடுக்கக் கூடாது என்பதால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறார்கள். முட்டையை நேராகக் கல்லில் உடைப்பது நின்றுவிட்டது, முதலில் டம்ளரில். இதில்தான் பையனுக்கு எரிச்சல், கை வேகம் குறைகிறதாம்.

மாமா கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று வந்த புது முட்டையில் கலக்கி போட்டால் ஆபத்தே இல்லையா? குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நோய் பிடித்த கோழி இடும்போதே உள்ளே கிருமி இருக்கலாம். மஞ்சளும் வெள்ளையும் கெட்டியாகும் வரை, அதாவது 70 டிகிரியை ஒட்டி, வெந்தால்தான் நிம்மதி. கலக்கியை நிறுத்த மாட்டேன் என்றார், நானும் நிறுத்தச் சொல்லவில்லை, சாப்பிடுகிற ஆளும் நான்தான். ஆனால் சின்னக் குழந்தையோடு வருபவர்களிடமும் மாசமாக இருக்கும் பெண்களிடமும் இப்போது அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்: "உங்களுக்குக் கலக்கி வேண்டாமுங்க, நல்லா வெந்த ஆம்லெட் போட்டுத் தர்றனுங்க."